ஊட்டியில் தனியாகச் சமைப்பவருக்கு டின் காய்கறி போதுமா, பயறு வேண்டுமா?

கேட்டிருப்பது இதுதான்: வேலை மாற்றலில் ஊட்டிக்கு வந்திருக்கிறார், தனியாகச் சமைக்கிறார். இங்கே பயறு வேக நேரமாகிறது. அதனால் டின்னில் அடைத்த காய்கறி வாங்கி வைத்துக்கொண்டால் அதே சத்து கிடைக்குமா?

கிடைக்காதுங்க. நான் கோத்தகிரிக்காரி, வருஷம் முழுக்க இந்தக் குளிரில்தான் பயறு வேகவைக்கிறேன். உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் பயறை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம் எடுத்தால் புரதம் சுமார் 9 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல், இரும்புச்சத்து 3 மில்லிகிராமுக்குப் பக்கம். ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் நிறைய. அதே எடை டின் கேரட்டில் புரதம் 1 கிராம்கூட வராது, நார்ச்சத்து ஒன்றரை கிராம்தான். டின் பீன்ஸும் ஏறக்குறைய அப்படியே. பட்டாணி மட்டும் கொஞ்சம் தேறும், டின்னில் வந்தாலும் 4 கிராம் புரதம் இருக்கும். அது பயறு வகைதானே.

அதற்காக டின் காய்கறி வெறும் சக்கை என்று சொல்ல மாட்டேன். கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் டின்னில் அடைக்கும் சூட்டையும் தாங்கும். அதிலிருந்து உடம்புக்குக் கிடைக்கிற வைட்டமின் ஏ கொண்டைக்கடலையில் பெயருக்குத்தான் இருக்கும். வைட்டமின் சி சூட்டில் பாதி போகும், கொஞ்சம் டின் தண்ணீரில் கரையும். உப்புதான் எனக்குப் பயம். டின் கேரட் 100 கிராமில் சோடியம் 240 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாங்கினால் தண்ணீரை வடித்துவிட்டு ஒருமுறை அலசிப் போடுங்கள்.

ஆனால் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் விளைகிற ஊரில் இருந்துகொண்டு டின் கேரட் எதற்கு? உழவர் சந்தைக்குப் போனால் மண் வாசனையோடு கிடைக்கிறது. அடைமழையில் வெளியே போக முடியாத நாளுக்கு ஒன்றிரண்டு டின் இருக்கட்டும், சரி.

இப்போது பயறு வேகாத விஷயம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். திறந்த பாத்திரத்தில் கடலை மணிக்கணக்கில் கொதித்தும் நடுவில் நறுக்கென்று இருப்பது இதனால்தான். குக்கர் இல்லாமல் இங்கே பயறு வேண்டாம். கீழே கோயம்புத்தூரில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். ஊறப்போடும் தண்ணீரும் ஜில்லென்று இருப்பதால் சீக்கிரம் ஊறாது. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். காலையில் ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகக் காய்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடுகிற பழக்கம் பல வீட்டில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பயறில் இருக்கிற பி1 வைட்டமினை அது அழித்துவிடும். ராஜ்மா வாங்கினால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாகக் குழைய வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டி எடுக்கும். அதற்குக் காரணமான நச்சு நன்றாகக் கொதித்தால்தான் போகும்.

நேரம்தான் பிரச்சினை என்றால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து, சிறு டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், பயறின் இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். அப்புறம், நம் ஊரில் சாப்பிட்ட கையோடு டீ குடிப்போம் இல்லையா? அது அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.