விபத்து இழப்பீட்டுக்கு வட்டி எந்த நாளிலிருந்து ஓடும்?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2018 டிசம்பரில் வேன் மோதி எனக்குக் கால் முறிந்தது. 2019 ஜூனில் மனு போட்டோம். 2024 ஜூனில் 8,40,000 ரூபாயும் அதற்கு 7.5 சதவீத வட்டியும் என்று தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி 2025 ஜூனில் கோர்ட்டில் கட்டியது 11,76,000 ரூபாய். விபத்து நடந்த நாளிலிருந்து நான் கணக்குப் போட்டால் 12,49,500 வருகிறது. மீதியை விழுங்கிவிட்டார்களா?"

விழுங்கவில்லை. நீங்கள் கணக்கை ஆரம்பித்த தேதிதான் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 171-வது பிரிவின்படி தீர்ப்பாயம் வட்டி போடலாம், ஆனால் மனு தாக்கல் செய்த தேதிக்கு முந்தைய நாட்களுக்குப் போட முடியாது. அதுவும் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. கால் முறிந்த அன்றே சம்பளம் நின்றுபோகிறது, ஆஸ்பத்திரி பில் அன்றே ஓட ஆரம்பிக்கிறது, வட்டி மட்டும் வக்கீல் மனு போடும்வரை காத்திருப்பது என்ன நியாயம் என்று எனக்கும் தோன்றும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. (வேலை நேரத்தில் அடிபட்ட லாரி கிளீனர் மாதிரி ஆட்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், முதலாளி ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி என்று இருந்தது. ஆனால் இரண்டு சட்டத்திலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.)

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 8,40,000-க்கு 7.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 63,000, மாதத்துக்கு 5,250. ஜூன் முதல் ஜூன் வரை ஆறு வருடத்துக்கு 3,78,000, ஆக மொத்தம் 12,18,000 வரவேண்டும். அப்படியும் 42,000 குறைகிறதே என்று பார்த்தால், அது மிகச் சரியாக எட்டு மாத வட்டி. நீங்கள் அனுப்பிய தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தில் "தள்ளுபடியாக இருந்த காலம் நீங்கலாக" என்று ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? வாய்தாவுக்கு யாரும் போகாமல் மனு ஒருமுறை தள்ளுபடியாகி, எட்டு மாதம் கழித்துத் திரும்பக் கோப்புக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த எட்டு மாதத்துக்கு வட்டி இல்லை. இதை உங்கள் வக்கீல் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வட்டி விகிதம் நீதிபதியின் கையில். ஒரு காலத்தில் 12 சதவீதம் சகஜம். 2001-ல் கௌஷ்னுமா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கி வட்டி குறைந்துவிட்டது என்று சொல்லி 9 சதவீதம் கொடுத்தது. தமிழ்நாட்டில் இப்போது 7.5 என்பதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. இது குறைவு என்று மேல்முறையீடு செய்ய 90 நாள் கெடு. உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், உயர் நீதிமன்றம் பெரும்பாலும் தாராளமாகவே மன்னிக்கும். ஆனால் கூட்டிக் கொடுக்கும் தொகைக்கு அந்தத் தாமத நாட்களின் வட்டியை வெட்டிவிட்டுத்தான் மன்னிப்பார்கள்.

உங்களுக்கு நேரவில்லை என்றாலும் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கம்பெனி "அசலைக் கட்டிவிட்டோம், வட்டி அப்புறம்" என்று 8,40,000 மட்டும் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பில் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்தப் பணத்தை முதலில் வட்டியிலும் அப்புறம் வழக்குச் செலவுத்தொகையிலும் கழித்துவிட்டு, மிஞ்சுவதைத்தான் அசலில் கழிக்க வேண்டும் (உச்ச நீதிமன்றம், 2006 குர்பிரீத் சிங் வழக்கு). அதாவது உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால், எட்டு மாதம் நீங்கலாக வரும் வட்டி 3,36,000 போக, அசலில் கழிவது 5,04,000 மட்டும். பாக்கி அசல் 3,36,000-க்கு வட்டி தொடர்ந்து ஓடும். "அசல் முடிந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஓட்டம் நின்றுபோகும். பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா வந்து அரசுப் பேருந்தை ஜப்தி செய்தார் என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தத் தொகைகளில் பாதிக்கதை இப்படி இழுத்து வளர்ந்த வட்டிதான்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: மனு தள்ளுபடியான தேதியையும் திரும்ப எடுத்த தேதியையும் கோர்ட் டைரியில் பார்த்து, உண்மையிலேயே எட்டு மாதம்தானா என்று எண்ணுங்கள். ஒரு மாதம் கூடுதலாகக் கழித்திருந்தாலும் 5,250 ரூபாய் உங்களுடையது. கணக்குத் தாள் ஒன்று போட்டு வக்கீல் மூலம் தாக்கல் செய்யுங்கள். கணக்கு சரியாக இருந்தால் பணம் கேட்டு மனு போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். டெபாசிட் செய்து உங்களுக்கு நோட்டீஸ் வந்த நாளோடு கம்பெனி தரவேண்டிய வட்டி நின்றுவிடும். பணம் வங்கியில் நிரந்தர வைப்பில் போடப்பட்டதா, சும்மா கோர்ட் கணக்கில் கிடக்கிறதா என்பதையும் அதே கையோடு கேட்டுவிடுங்கள்.