சிடிபியில் பயன்படாத டேட்டா பைப்லைன்களை எப்படிப் பாதுகாப்பாக நீக்குவது?

உங்கள் சிடிபியில் (வாடிக்கையாளர் டேட்டாவைத் திரட்டிப் பிற கருவிகளுக்கு அனுப்பும் கஸ்டமர் டேட்டா பிளாட்ஃபார்ம்) பழைய சோர்ஸ் (டேட்டா வரும் இடம்), டெஸ்டினேஷன் (டேட்டா போகும் கருவி) இணைப்புகள் குவிந்துவிட்டன, எதை நீக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் உடனே டெலீட் செய்யாதீர்கள். டிஸேபிள் செய்து சில வாரம் விட்டுப் பாருங்கள்.

கடைசி 30 நாளில் ஈவன்ட் (பயனர் செயலின் பதிவு) எதுவும் வரவில்லை என்பது மட்டும் போதாது. காலாண்டு முடிவில் மட்டும் ஓடும் பைப்லைனும் அப்படித்தான் தெரியும். டேட்டா ஓடுகிறது என்பதாலேயே ஒன்று தேவை என்றும் ஆகாது. அது போய்ச் சேரும் டேபிளை யாராவது படிக்கிறார்களா என்று வேர்ஹவுஸின் (டேட்டா சேமிக்கப்படும் கிடங்கு) க்வெரி ஹிஸ்டரியில் (யார் எதைப் படித்தார்கள் என்ற பதிவு) தேடுங்கள். என்னைப் பொறுத்தவரை நம்பகமான சாட்சி அதுதான்.

மொபைல் ஆப் சோர்ஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். புதிய வெர்ஷனில் எஸ்டிகே கீயை (எந்த சோர்ஸுக்கு அனுப்புவது என்று ஆப்புக்குச் சொல்லும் குறியீடு) மாற்றியிருப்பீர்கள். ஆனால் அப்டேட் செய்யாத போன்கள் பழைய கீயிலேயே ஈவன்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். சோர்ஸை நீக்கினால் அந்தப் பயனர்களின் டேட்டா சத்தமில்லாமல் நின்றுவிடும். பிறகு புதிதாக ஒரு சோர்ஸ் உருவாக்கினாலும் அதற்குப் பொதுவாக வேறு கீதான் கிடைக்கும். பழைய ஆப்புக்கு அது தெரியாது.

டெஸ்டினேஷனைப் பொறுத்தவரை, இணைப்பை நீக்குவது இனி போகும் டேட்டாவைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே போனது அந்தக் கருவியிலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆரின் 17ஆம் பிரிவின் கீழ் ஒரு வாடிக்கையாளர் தன் தகவலை அழிக்கக் கேட்டால், சிடிபி வழியாக அந்தக் கோரிக்கை அங்கே போய்ச் சேர வழியிருக்காது. அதனால் அங்குள்ள டேட்டாவை முதலில் அழித்துவிட்டு, அதன்பிறகு இணைப்பைத் துண்டியுங்கள். அந்த இணைப்புக்கான ஏபிஐ கீயையும் (அனுமதிக் குறியீடு) மறக்காமல் ரத்து செய்யுங்கள்.