தெருவிளக்கு வெளிச்சத்தில் வானம் பார்ப்பது: கேள்வி பதில்

மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்து வானம் பார்ப்பவர்கள் தெருவிளக்குத் தொல்லை பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

வேளச்சேரியிலிருந்து: சார், எதிரில் இருந்த மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டுவிட்டார்கள். என்னிடம் 8 அங்குலக் கண்ணாடி உள்ள டாப்சோனியன் வகை டெலஸ்கோப் இருக்கிறது. எந்த ஃபில்டர் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லைகள். விளக்கொளி நேராகக் கண்ணிலும் டெலஸ்கோப் டியூப்பிலும் விழுவது ஒன்று. ஊர் வெளிச்சம் காற்றில் சிதறி வானமே வெளிறிப்போவது மற்றொன்று. முதலாவதைக் குறைந்த செலவில் அநேகமாக முழுவதும் மறைத்துவிடலாம். ஃபில்டர் உதவுவது இரண்டாவதற்கு மட்டும்தான், அதுவும் சில பொருள்களைப் பார்க்கும்போது மட்டும்.

சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை (மஞ்சள் நிறம்) ஒட்டியே இருந்தது. அந்தப் பகுதியை வெட்டினால் வானம் கறுத்தது. வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் அருகே ஒரு நீல முகடும், பச்சையிலிருந்து சிவப்பு வரை நீளும் அகலமான மேடும் இருக்கும். நடுவில் பெரிய இடைவெளி கிடையாது. போதாக்குறைக்கு, சுத்தமான காற்றில் 450 நானோமீட்டர் ஒளி 589-ஐப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறும். அதனால் சோடியம் காலத்து 'ஒளி மாசு ஃபில்டர்' இப்போது பெரிதாகக் கைகொடுக்காது.

மறைப்பு வேலைகளையெல்லாம் முடித்த பிறகு வாங்குவதானால் யு.எச்.சி. அல்லது ஆக்சிஜன்-3 ஃபில்டர் வாங்குங்கள். இவை 486 முதல் 501 நானோமீட்டர் வரையிலான குறுகிய பகுதியை (ஆக்சிஜன்-3 அதிலும் 496, 501-ஐ ஒட்டியதை மட்டும்) உள்ளே விட்டு, மற்றதில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஓரியன் நெபுலா, எம்8, எம்17, எம்27, எம்57 (எம் என்பது மெஸ்ஸியே பட்டியல் எண்) போன்ற ஒளிரும் வாயு மேகங்களில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் வருவது அந்தப் பகுதியில்தான். கேலக்ஸியும் நட்சத்திரக் கூட்டமும் எல்லா நிறத்திலும் ஒளிவிடுபவை. அவற்றுக்கு ஃபில்டர் போட்டால் வானத்தோடு சேர்ந்து அவையும் மங்கும்.

திருச்சியிலிருந்து: மாடியில் திரை கட்டினால் எவ்வளவு உயரம் வேண்டும்? தார்ப்பாய் போதுமா?

தார்ப்பாய் வேண்டாம். காற்றடித்தால் கம்பத்தோடு சாய்த்துவிடும். நர்சரிக்குப் போடுகிற 90 சதவீத நிழல்வலையைக் கறுப்பு நிறத்தில் வாங்கி இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். காற்று ஓரளவு ஊடே போய்விடும். ஒற்றை மடிப்பு போதாது, எல்இடியின் புள்ளி ஒளி கண்ணிகள் வழியே தெரியும்.

உயரத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். விளக்கு தரையிலிருந்து 9 மீட்டர், உங்கள் மாடித் தளம் 3.5 மீட்டர் என்றால், விளக்கு தளத்துக்கு மேலே 5.5 மீட்டரில் இருக்கிறது. நின்று பார்க்கும்போது கண் 1.5 மீட்டரில். வித்தியாசம் 4 மீட்டர். விளக்கு 12 மீட்டர் தள்ளி இருந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் பார்வைக் கோடு 33 செ.மீ. ஏறும். திரையை உங்களிடமிருந்து 1.5 மீட்டரில் வைத்தால் 2 மீட்டர் உயரம் தேவை. 3 மீட்டர் தள்ளி வைத்தால் 2.5 மீட்டர் ஆகிவிடும். ஆகவே திரையை உங்களுக்கு அருகில் வையுங்கள், கைப்பிடிச் சுவரில் கட்டாதீர்கள். கணக்கில் வருவதற்கு மேல் 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், டியூப்பின் வாய் கண்ணைவிட உயரத்தில் இருக்கும்.

சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் போதும். 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டில் ஈர மணலை நிரப்பிக் குழாய்களை நட்டுவிட்டால் வேண்டிய பக்கம் நகர்த்தலாம். வெறும் வாளியில் நட்டுச் செங்கல் வைப்பது காற்றுக்கு நிற்காது. மாடியிலிருந்து எதுவும் தெருவில் விழாதபடி ஒரு கயிற்றால் கைப்பிடிச் சுவரோடும் கட்டிவிடுங்கள்.

அதே நண்பர்: திரை கட்டியும் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒரு பக்கம் சாம்பல் பூத்தது போல் இருக்கிறதே?

பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி டியூப்புக்குள் போகிறது. ஐபீஸைக் கழற்றிவிட்டு ஃபோகஸர் (ஐபீஸ் மாட்டும் குழாய்) வழியாக வெறும் கண்ணால் பாருங்கள். சிறு கண்ணாடியைச் சுற்றி டியூப்பின் உட்சுவர் பளிச்சென்று தெரிந்தால் அதுதான் காரணம். ஃபோகஸருக்கு நேர் எதிரே உட்சுவரில் கறுப்பு வெல்வெட் துணியை ஒட்டுங்கள். மேட் கறுப்பு பெயின்ட்கூடச் சாய்வாக விழும் ஒளியில் மினுங்கும்.

அடுத்தது, டியூப்பின் வாயை நீட்டுவது. வெளிவிட்டம் 23 செ.மீ. என்றால் சுற்றளவு 72. நான்கு செ.மீ. மேலடுக்கு சேர்த்து 76 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலமுள்ள கறுப்பு ஈவா ஃபோம் ஷீட்டைச் சுருட்டி வெல்க்ரோவால் மாட்டுங்கள். முன்பக்கம் கனத்து டியூப் தலைகுனிந்தால், இரும்பு டியூப்பாக இருக்கும் பட்சத்தில் அடிப்பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டினால் சமநிலை வந்துவிடும். இந்தக் குழல் பனியிலிருந்தும் காக்கும்.

சேலத்திலிருந்து: அண்ணா, வெளிச்சமான வானத்தில் பவர் (உருப்பெருக்கம்) குறைவாக வைப்பதுதானே நல்லது?

இல்லை, கூட்டுங்கள். 1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள 8 அங்குலத்தில் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும். 15 மி.மீ. போட்டால் 80 மடங்கு, வானத்தின் பின்னணி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக மங்கும். நட்சத்திரம் புள்ளியாகவே இருப்பதால் அதன் ஒளி அப்படிக் குறையாது. நட்சத்திரக் கூட்டங்கள் பார்க்க இது அருமையாக இருக்கும். நெபுலாவுக்கு ஃபில்டர் போடும்போது மட்டும் அதிகம் கூட்ட வேண்டாம், படம் இருண்டுவிடும்.

மதுரையிலிருந்து: டிஎஸ்எல்ஆரில் 30 விநாடிக்கே படம் வெளுத்துவிடுகிறது.

ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்சப் பரவல் வரைபடம்) முகடு இடமிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விநாடியைக் குறையுங்கள், படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வானம் ஒரு மேக்னிடியூட் (பிரகாச அளவுகோலில் ஒரு படி) பிரகாசமானால் அதே தரத்துக்கு மொத்த நேரம் 2.5 மடங்கு ஆகும், குறுக்குவழி கிடையாது. ஃப்ளாட் படங்கள் (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் திருத்தப் படங்கள்) 20-30 கட்டாயம் எடுங்கள். அவை இல்லாமல் சிரில் மென்பொருளில் பின்னணிச் சாய்வை நீக்கினால், லென்ஸின் ஓர இருட்டும் விளக்கின் சாய்வும் கலந்து திட்டுத்திட்டாக நிற்கும். வியூஃபைண்டரை மூடுங்கள், அதன் வழியாகவும் தெருவிளக்கு உள்ளே கசியும். இருபட்டை ஃபில்டர் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடுவது) வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றம் செய்யாத கேமராவின் உள் ஃபில்டர் 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

அண்ணா நகரிலிருந்து: மாநகராட்சியில் சொன்னால் கேட்பார்களா?

அணைக்கச் சொன்னால் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. தெருவில் நடப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். சென்னையில் 1913-ஐ அழைத்துக் கம்ப எண்ணோடு இரண்டு கோரிக்கை வையுங்கள்: மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் விளக்கைத் தரைக்கு இணையாகத் திருப்புவது, வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு போடுவது. படுக்கையறைக்குள் வெளிச்சம் விழுகிறது என்று அக்கம்பக்கத்தாரும் கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும். புது விளக்கு வரப்போகிற தெருவானால் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெள்ளை) அல்லது அதற்குக் குறைவானதாகக் கேளுங்கள். நீங்களே கம்பத்தில் ஏறுவது, விளக்கை நோக்கி லேசர் அடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கோவையிலிருந்து: இவ்வளவு செய்தும் எதைத்தான் பார்ப்பது?

நிலவு, கோள்கள், இரட்டை நட்சத்திரங்களுக்குத் தெருவிளக்கு ஒரு தடையே இல்லை. நம் அட்சரேகையில் ஓரியன் நெபுலா 70 பாகைக்கு மேல் ஏறும், ஊர் வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கிற இடம் அது. மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எம்7 கூட்டம் பைனாகுலருக்கே கிடைக்கும். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் சென்னையில் ஏறத்தாழ 30 பாகை வரை ஏறும், தெற்குத் திசை மறைவில்லாமல் இருந்தால் அதை விடாதீர்கள். மழை பெய்து தூசி கழுவப்பட்ட மறுநாள், இரவு 11 மணிக்குமேல், கடைப் பலகைகள் அணைந்த பிறகு பாருங்கள். மங்கிய கேலக்ஸிகளுக்கு மட்டும் ஊரைவிட்டு வெளியே போகத்தான் வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து: கண் இருட்டுக்குப் பழக எவ்வளவு நேரம்?

20 முதல் 30 நிமிடம். ஒருமுறை விளக்கைப் பார்த்தாலே மறுபடி ஆரம்பத்திலிருந்து. தலைக்கு மேல் ஒரு மீட்டர் சதுரக் கறுப்புப் பருத்தித் துணியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். புழுக்கத்தில் ஐபீஸ் ஆவி படியும், அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் திறந்துவிடுங்கள். டார்ச்சுக்கு இரண்டு மடிப்புச் சிவப்புக் கண்ணாடித்தாள் போதும். சிவப்பாக இருந்தாலும் பிரகாசமாக இருந்தால் பயனில்லை.