வார்டிலிருந்து கோட்டைக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கவுன்சிலர், சேர்மன் என்று படிப்படியாக வந்தவர்தான் நல்ல எம்.எல்.ஏ. ஆவார் என்கிறார்களே? (வாசகர், ஆரணி)

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. உள்ளாட்சியில் நிற்க 21 வயது, சட்டமன்றத்துக்கு 25. சட்டம் கேட்கிற வித்தியாசம் இவ்வளவுதான். ஏணியில் ஒழுங்காக ஏறியவர்கள் உண்டு. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் (இன்றைய முதல்வர் பதவி). நம் காலத்தில் மா. சுப்பிரமணியன்: 2006 முதல் 2011 வரை சென்னை மேயர், 2016-ல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., 2021-ல் மறுபடி வென்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர். தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1937-லேயே சட்டமன்றம் போய்விட்ட காமராஜரை, 1941-ல் அவர் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தவர் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

இன்னொன்று: கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு, நகர வார்டு எல்லாம் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. ஆகவே சீட்டு கேட்கும்போது ஊராட்சித் தலைவர் காட்டுகிற ஓட்டு சொந்த ஓட்டு. கவுன்சிலர் காட்டுவதில் பாதி சின்னத்தின் ஓட்டு. கட்சிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: நான் அரசு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன், வார்டு உறுப்பினரும்கூட. ஒரு பாலத்தின் பில் இன்னும் வரவில்லை. சட்டமன்றத்துக்கு நின்றால் மனு தள்ளுபடியாகுமா? (வாசகர், மன்னார்குடி)

பில் பாக்கி இருந்தால் பயமில்லை. வேலை பாக்கி இருந்தால்தான் ஆபத்து. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9-ஏ பிரிவின்படி, மாநில அரசோடு பொருள் சப்ளைக்கோ கட்டுமானப் பணிக்கோ நடப்பில் ஒப்பந்தம் உள்ளவர் சட்டமன்றத்துக்குத் தகுதியற்றவர். உங்கள் பங்கு வேலை முழுதாக முடிந்து, அரசு பணம் தராதது மட்டும் மீதி என்றால் அந்த ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ளமாட்டார்கள். வேலை முடிந்தது என்று செயற்பொறியாளரிடம் எழுத்தில் வாங்கி மனுவோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் நிற்கிறதென்றால், ‘விலகுகிறேன்’ என்று கடிதம் கொடுத்தது மட்டும் போதாது. ஒப்பந்தத்தை ரத்து செய்த உத்தரவு மனு பரிசீலனை நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

மற்றபடி மனுக்கள் விழுவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களில்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனு எப்படிப் போயிற்று? முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் ‘இது எங்கள் கையெழுத்தே இல்லை’ என்றார்கள். அதனால் தெரிந்த பத்துப் பேராகப் பிடியுங்கள், வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் சரிதானா என்று நீங்களே பாருங்கள். ஒரே வேட்பாளர் நான்கு மனு வரை போடலாம். வேறு வேறு ஆட்களை முன்மொழிய வைத்து இரண்டாவது செட் போடுவது புத்திசாலித்தனம்.

சொத்து, கடன், வழக்கு விவரம் சொல்லும் 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கடன் இல்லையா, ‘இல்லை’ என்று எழுதுங்கள். கோடு போட்டுவிட்டு நகராதீர்கள். மனு கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்க வேண்டும், பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள். ‘இவர்தான் எங்கள் வேட்பாளர்’ என்று கட்சி தருகிற ஏ, பி படிவங்கள் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். கார் டிராஃபிக்கில் நின்றது என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளில் செலவுக் கணக்கு தர வேண்டும். தோற்ற சோகத்தில் இதை மறந்தவர்களை 3 ஆண்டு தேர்தலில் நிற்கவிடாமல் தடுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் ஒருவரே இருக்கலாமா? (வாசகி, தாம்பரம்)

முன்பு இருந்தார்கள். மு.க. ஸ்டாலின் 1996-ல் ஆயிரம்விளக்கு எம்.எல்.ஏ.வாகவும் சென்னை மேயராகவும் இருந்தார். 2001-லும் இரண்டிலும் வென்றார். ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று 2002-ல் அ.தி.மு.க. அரசு சட்டத்தைத் திருத்தியதும் மேயர் பதவியை விட வேண்டியதாயிற்று. அன்று மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. பேரூராட்சித் தலைவராக இருந்தபோது சாக்கடை அடைப்பென்றால் அன்றே ஆள் வரும். இப்போது மனு கொடுத்து மாசக்கணக்கில் காத்திருக்கிறோம். பதவி வந்ததும் மாறிவிட்டாரா? (வாசகி, பண்ருட்டி)

மாறியது அவர் கையில் இருந்த அதிகாரம். தலைவராக இருந்தபோது செயல் அலுவலரைக் கூப்பிட்டுச் சொன்னால் வேலை நடந்தது. எம்.எல்.ஏ. எந்தத் துறைக்கும் உத்தரவு போட முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்றாலும், அதில் அவர் செய்வது பரிந்துரை. மதிப்பீடு தயாரிப்பது பொறியாளர், நிர்வாக அனுமதி தருவது ஆட்சியர், பிறகு டெண்டர். இடம் புறம்போக்கா பட்டாவா என்ற சிக்கல் வந்தால் அங்கேயே மாதங்கள் கரையும். அடைப்புக்கு இன்றும் போக வேண்டிய இடம் பேரூராட்சி அலுவலகம்தான். ஊருக்குப் புதிதாகப் பாதாளச் சாக்கடை வேண்டுமென்றால் எம்.எல்.ஏ.விடம் போங்கள், நகராட்சி நிர்வாகத் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீடு மீதான விவாதம்) சட்டமன்றத்தில் வருவதற்கு முன், வார்டு பெயர், தெருக்களின் எண்ணிக்கையோடு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவையில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடம்; பத்துப் பக்க மனுவை அங்கே விரிக்க முடியாது.