லெஹங்காவில் விளக்கு: எந்தத் துணியில் தைப்பது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு ரிசப்ஷனுக்கு ஜரிகை போட்ட ஆர்கன்சா லெஹங்கா தைக்கிறேன். பாவாடை முழுக்க மின்மினி மாதிரி விளக்கு எரிய வேண்டும் என்கிறார்கள். மின்சாரம் கடத்தும் நூல் என்று ஆன்லைனில் பார்த்தேன். அதை வைத்துத் தைக்கலாமா? வியர்வை, மழை பட்டால் ஷாக் அடிக்குமா? அப்புறம் எப்படித் துவைப்பது?

பதில்: ஷாக் பயம் வேண்டாம். 3 அல்லது 4.5 வோல்ட் பேட்டரி ஆளுக்கு ஷாக் கொடுக்காது. கவனிக்க வேண்டியது ஷார்ட் ஆவதைத்தான். ஷார்ட் ஆனால் செல் சூடாகும், பக்கத்தில் இருப்பதோ பாலியஸ்டர் நெட்.

அப்படி ஷார்ட் ஆகக் காரணமாகக்கூடியது உங்கள் ஜரிகை. வெள்ளி, செம்புக் கம்பி உள்ள ஜரிகை நன்றாகவே மின்சாரம் கடத்தும். 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துணியிலேயே சர்க்யூட் செய்து பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்த மாதிரி ஆர்கன்சாதான்: பட்டுப் பாவு, மெல்லிய செம்புத் தகடு சுற்றிய பட்டு ஊடை. பிளாஸ்டிக் ஜரிகையில் சிலது கடத்தும், சிலது கடத்தாது, பார்த்தால் தெரியாது. மொபைல் ரிப்பேர் கடையில் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஜரிகையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். கத்தினால், அந்தத் துணிமேல் மூடாத கம்பி எதுவும் படக்கூடாது.

கடத்தும் நூலை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். ஸ்டீல் நூலுக்கு மீட்டருக்குச் சில பத்து ஓம் தடை உண்டு. பாவாடையைச் சுற்றி ஓட்டினால் கடைசி விளக்குகள் மங்கிப்போகும். மேலே உறையும் கிடையாது, துணி மடிந்தால் ஒன்றோடொன்று தொட்டுவிடும். வெள்ளி பூசிய நூல் நாளாக ஆகக் கறுக்கும், குளச்சல், முட்டம் போலக் கடலோர வீடு என்றால் இன்னும் சீக்கிரம். பிளவுஸ் கையில் நாலைந்து விளக்கு, ஒரு பட்டன் செல், அந்த அளவுக்கு அது சரி.

உங்களுக்கு ஏற்றது மெல்லிய செம்புக் கம்பியில் மணி மணியாக வரும் சீரியல் விளக்கு. கம்பிக்கு மேல் எனாமல் பூச்சு இருக்கும். ஊசி அதைக் கீறிவிடும், அதனால் மெஷினில் ஓட்டாதீர்கள். கையால், கம்பியைச் சுற்றிச் சுற்றித் தையல் போடுங்கள். ஒவ்வொரு விளக்கு மணிக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்வு விடுங்கள், உட்கார்ந்து எழும்போது கம்பி அறுவது அங்கேதான்.

எந்தத் துணியில் என்பதுதான் முக்கியம். ஆர்கன்சாவில் தைக்காதீர்கள். தனியாக ஒரு நெட் பாவாடை தைத்து, அதில் விளக்கைப் பிடித்து, இடுப்பில் டிச் பட்டனால் லைனிங்குக்கும் ஆர்கன்சாவுக்கும் நடுவில் மாட்டுங்கள். மேலே இன்னொரு நெட் மூடினால் ஜரிகையிலும் உரசாது, வெளிச்சமும் குத்தாமல் பரவும். கீழ் ஓரத்தில் நெருக்கமாக, மேலே போகப் போகத் தூரமாக வைத்தால் அழகு. வெள்ளையைவிட இளமஞ்சள் ஜரிகைக்குப் பொருந்தும்.

2016-ல் நியூயார்க்கின் மெட் காலா ஃபேஷன் விழாவில் நடிகை கிளேர் டேன்ஸ் போட்டிருந்த, டிசைனர் சாக் போசன் வடிவமைத்த ஒளிரும் கவுனுக்குள் 30 சின்ன பேட்டரிப் பெட்டிகள் தைத்திருந்தார்கள். உங்களுக்கு இரண்டு போதும், இடுப்புப் பட்டையில் இரண்டு பக்கமும் பருத்திப் பை வைத்து. 30 விளக்கு, ஒன்றுக்கு 5 மில்லிஆம்பியர் என்றால் மொத்தம் 150. 2000 மில்லிஆம்பியர்-மணி ஏஏ செல் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். லித்தியம் பாலிமர் பேட்டரி மட்டும் வேண்டாம். ஒரு குண்டூசி குத்தினாலே தீப்பிடிக்கலாம், கல்யாண உடுப்பில் குண்டூசி இல்லாமல் இருக்காது.

துவைக்க, உள் பாவாடையைக் கழற்றிவிட்டு மற்றதை வழக்கம்போல டிரைவாஷுக்குக் கொடுக்கலாம். விளக்குத் துணியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம்ம ஊர் இரண்டு மழைக்காலமும் காண்கிற ஊர், ஈரம் போக நிழலில் உலர்த்திய பிறகே மடியுங்கள். செல்லைக் கழற்றாமல் பீரோவில் வைத்தால் கசிந்து பெட்டியை அரித்துவிடும்.

டிரயலில் விளக்கை எரியவிட்டு மணப்பெண்ணை உட்காரவும் படி ஏறவும் காரில் ஏறி இறங்கவும் சொல்லுங்கள். அரைமணி கழித்துப் பேட்டரிப் பையைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் அந்த செட்டை மாற்றிவிடுங்கள். உள் பாவாடைக்கான கூலியைத் தனியாகப் பேசுங்கள், முழுக்கக் கைத்தையல் அது.