மூவர் கேட்ட நாடகம்

ஐயா,

வணக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில், கரூரை அடுத்த ஒரு கிராமத்தில், வால்வு ரேடியோவைச் சுற்றிக் குடும்பமாக உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள் நான். சென்ற மாதம் அப்பாவின் திதிக்கு அண்ணன், அக்கா, நான் மூவரும் கூடியபோது, அன்று கேட்ட நாடகம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. பிரிந்துபோன மகன் கடைசியில் வீடு திரும்பினான் என்கிறார் அண்ணன். கடிதம் மட்டுமே வந்தது என்கிறார் அக்கா. எனக்கோ தாய் அழும் குரல்தான் நினைவிருக்கிறது. ஒரே கூடத்தில் கேட்டவர்களுக்கு மூன்று முடிவுகள் எப்படி வந்தன? சேர்ந்து கேட்டோம் என்பதே நாங்களாகக் கற்பித்துக்கொண்டதுதானோ என்று மனம் சங்கடப்படுகிறது.

வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சேர்ந்து கேட்டீர்கள் என்பதற்கு அந்த மூன்று முடிவுகளையே நான் சான்றாகக் கொள்வேன்.

திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருந்தது. ஆனாலும், 1952க்குப் பிறகு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நம் வீடுகள் கடல் கடந்து கொழும்பின் பக்கம் காதைத் திருப்பின. 1957இல் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடம் தரும் விவித பாரதியைத் தொடங்கிய பின்னும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. தொலைவிலிருந்து வந்த அந்தக் குரலைச் சிற்றலையில் கேட்டவர்களுக்கு, அது மெல்லத் தேய்ந்து மறைந்து மீண்டும் எழுவது நன்றாக நினைவிருக்கும். அது ரேடியோவின் கோளாறு அல்ல. நூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில், மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பும் அலைகள் வெவ்வேறு பாதைகளில் வந்து சேர்வதால், ஒரு நொடி ஒன்றையொன்று வலுப்படுத்தும், மறுநொடி அழித்துக்கொள்ளும். பாட்டுக்கு அதனால் பெரிய நட்டமில்லை, ஏனெனில் பாட்டு நமக்கு மனப்பாடம். இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேக அறிவிப்பில் இரண்டு சொற்கள் விட்டுப்போனாலும் அடுத்த சொல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். நாடகத்தில் மட்டும், போன வசனம் போனதுதான்.

அந்த இடத்தில்தான் குடும்பம் உள்ளே வந்தது. எங்கள் வீட்டில், அடுப்படியிலிருந்து அம்மா "என்ன சொன்னான்?" என்று குரல் கொடுப்பார், ஒரு காதை ரேடியோவிடம் விட்டுவைத்தபடியே அப்பா பாதி வாக்கியத்தில் பதில் சொல்வார், அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் கடந்திருக்கும், அதை அத்தை ஊகித்துச் சொல்வார். அத்தையின் ஊகத்தில் கெட்டவன் எப்போதும் திருந்திவிடுவான். இன்று யோசித்தால், எது நடிகர் பேசியது, எது அத்தை பேசியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பிரிக்க விரும்பவும் இல்லை. மறுபடி கேட்கவோ நடுவில் நிறுத்தவோ வழியில்லாத அந்த அரை மணி நேரத்துக்காக எல்லோரும் கைவேலையை முன்கூட்டியே முடித்துவைத்ததும், விடுபட்டதை ஒருவருக்கொருவர் இட்டு நிரப்பியதும் சேர்ந்ததே நாங்கள் கேட்ட நாடகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

உண்மையான முடிவைத் தேடிப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அக்காலத்து வானொலி நாடகங்கள் எல்லாம் பாதுகாக்கப்படவில்லை. பதிவு நாடா விலை உயர்ந்த பொருளாக இருந்ததால், ஒலிபரப்பு முடிந்ததும் அதை அழித்து வேறொன்றைப் பதியும் வழக்கம் பல நிலையங்களில் இருந்தது. உங்கள் மூவரிடம் உள்ளதைத் தவிர வேறு பிரதி இல்லாமலே போயிருக்கலாம்.

ஆகவே, யாருடைய நினைவு சரி என்று தீர்ப்பதற்கு முன், மூவரும் தனித்தனியே எழுதிவையுங்கள். கதையை மட்டும் எழுதினால் போதாது: ரேடியோ எந்தச் சுவரோரம் இருந்தது, முள்ளை நகர்த்தும் உரிமை யாருக்கு இருந்தது, அந்த நாடகத்தின்போது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அக்கா அந்த நேரத்தில் அடுப்படியில் அம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்தார் என்றால், கடிதம் வந்தது என்ற முடிவைக் கூடத்திலிருந்து யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம்.