ஐந்து சென்ட்டுக்கு ஒரு பசு

அன்புள்ள சார்,

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 1929-ல் அமெரிக்காவில் வந்த பெருமந்தத்தைப் பற்றிப் பள்ளியில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவளோடு சேர்ந்து நானும் சில ஆவணப்படங்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. இருபதுகளில் கார், ரேடியோ, ஜாஸ் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள், ஒருநாள் பங்குச் சந்தை விழுகிறது, தரகர்கள் ஜன்னல் வழியாகக் குதிக்கிறார்கள், அடுத்த காட்சியில் நாடே ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறது. பார்த்து முடித்ததும் மகள் கேட்டாள்: "பங்கே வாங்காத விவசாயி ஏன்ப்பா நடுத்தெருவுக்கு வந்தார்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் இருவருக்கும் உதவியாக இருக்கும்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அன்றைய அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 12 கோடி, அதில் பங்கு வைத்திருந்தவர்கள் சில பத்து லட்சம் பேர்தான், மற்றவர்களுக்குச் சந்தை என்பது செய்தித்தாளில் தாண்டிப்போகிற ஒரு பக்கம். ஜன்னல் விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தை விழுந்த 1929 அக்டோபர், நவம்பரில் நியூயார்க்கில் தற்கொலைகள் பெருகிவிடவில்லை. நாடு முழுக்க எண்ணிக்கை ஏறியது பின்னால்தான், வேலையில்லாமல் குடும்பங்கள் வருடக்கணக்கில் தவித்த பிறகு.

விவசாயிக்கு மந்தம் 1920-லேயே வந்துவிட்டது. ஆவணப்படங்கள் விட்டுவிடுவது இதைத்தான். முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் வயல்கள் போர்க்களமாகிவிட, அங்கே சாப்பாட்டுக்கு அமெரிக்கக் கோதுமையை நம்ப வேண்டியிருந்தது. 'உணவு போரை வெல்லும்' என்று அரசாங்கம் ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டியது. ஒரு புஷல் கோதுமைக்கு, அதாவது 27 கிலோவுக்கு, 2 டாலருக்கு மேல் விலை உத்தரவாதம் கொடுத்தது. அயோவா போன்ற மாநிலங்களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது, பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் இருக்கிற நிலத்தை அடமானம் வைத்து அதை வாங்கினார்கள், பத்தே வருடத்தில் நாட்டின் பண்ணை அடமானக் கடன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் போர் முடிந்தது. ஐரோப்பியர் திரும்ப ஏர் பிடித்தார்கள், 1920-ல் விலை உத்தரவாதமும் போனது, அடுத்த வருடக் கடைசிக்குள் கோதுமை ஒரு டாலர் பக்கம் வந்துவிட்டது. இரண்டு டாலர் விலையை நம்பி வாங்கிய கடனை ஒரு டாலர் விலையில் அடைக்க வேண்டும். நிலம் வைத்துப் பிழைத்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. ட்ராக்டரும் லாரியும் வந்ததும் குதிரைகள் குறைந்தன. குதிரைக்குத் தீனி விளைந்த பெரும் பரப்பு நிலம் மனிதர்களுக்கான பயிருக்குத் திரும்ப, ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடந்த தானியம் இன்னும் கூடியது. உபரியை அரசே வாங்கி வெளிநாட்டில் விற்கலாம் என்று நாடாளுமன்றம் இரண்டு முறை சட்டம் இயற்றியது. 1927-லும் 1928-லும் அதிபர் கூலிட்ஜ் இரண்டையும் தடுத்துவிட்டார்.

நான்கில் ஒரு அமெரிக்கர் அப்போது பண்ணையில் வாழ்ந்தார். பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது, நகரத்திலோ பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரிந்தது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வண்ண விளம்பரம் வந்துகொண்டிருந்த அதே வருடங்களில் பண்ணைப் பெண் கிணற்றில் நீர் இறைத்து, விறகடுப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். இருபதுகளின் கொண்டாட்டம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வருகிறது.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். விவசாயியையும் மற்ற எல்லோரையும் சேர்த்துக் கட்டியிருந்தது ஊர் வங்கி. இருபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 வங்கிகள் இருந்தன, பல மாநிலங்களில் ஒரு வங்கி இன்னொரு ஊரில் கிளை திறக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனி. சோளம் விளையும் ஊரின் வங்கி சோளக்காரர்களுக்கு மட்டும் கடன் கொடுத்திருக்கும், பருத்தி ஊரின் வங்கி பருத்திக்காரர்களுக்கு மட்டும். விலை விழுந்தால் ஊரே ஒன்றாகக் கடன் தவறும், வங்கி மூடும், அதில் பணம் போட்டிருந்த மளிகைக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, கல்யாணத்துக்குச் சேர்த்த குடும்பம் எல்லாருடைய பணமும் முடங்கிப் போகும், பெரும்பகுதி திரும்பாமலும் போகும். நாடு தழுவிய டெபாசிட் காப்பீடு என்ற ஒன்று அன்று கிடையாது. செழிப்பு என்று சொல்லப்படும் அந்த இருபதுகளிலேயே வருடத்துக்குச் சராசரியாக 600 வங்கிகள் மூடின. பெரும்பாலும் சின்ன ஊர்களில் என்பதால் நியூயார்க் கவலைப்படவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் நாடெங்கும் கிளைகள் வைத்த சில பெரிய வங்கிகள் மட்டும்தான். கனடாவும் மந்தத்தில் கடுமையாகவே அடிபட்டது, ஆனால் 1930 முதல் 1933 வரை அங்கே ஒரு வங்கிகூட விழவில்லை. அமெரிக்காவில் அதே காலத்தில் விழுந்தவை சுமார் 9,000.

இப்படி உளுத்திருந்த கட்டடத்தின் மேல்தான் 1929 அக்டோபர் வந்து விழுந்தது. நகரத்துக் குடும்பங்கள் காரையும் ரேடியோவையும் தவணையில் வாங்கியிருந்தார்கள். ஒரு தவணை தவறினால் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதுவரை கட்டிய பணமும் போச்சு. ஆகவே பயம் வந்ததும் எல்லோரும் பழைய தவணையைக் கட்டினார்கள், புதிதாக எதையும் வாங்கவில்லை. வாங்காததால் ஆலை நின்றது, ஆலை நின்றதால் வேலை போனது. 1929-ல் 50 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் செய்த நாடு 1932-ல் 15 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கார் குறைந்தால் டயர் எதற்கு? ரப்பர் 1925-ல் பவுண்டுக்கு ஒரு டாலரைத் தாண்டி விற்றது, 1932-ல் சில சென்ட்டுக்கு வந்துவிட்டது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து 1930 முதல் 1932 வரை மூன்று வருடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களை, பெரும்பாலும் தமிழர்களை, கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். டெட்ராய்ட்டில் கார் ஆலை நின்றதற்கு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர்கள் இவர்கள். மகளின் பத்து நிமிடத்தில் இதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

வங்கிகளின் பெரிய சரிவு 1930 நவம்பரில் தொடங்கியது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கால்டுவெல் என்ற நிதி நிறுவனம் விழ, அதோடு தொடர்புடைய வங்கிகள் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் சேர்ந்து விழுந்தன. டிசம்பரில் நியூயார்க்கிலேயே 4 லட்சம் பேர் பணம் போட்டிருந்த ஒரு வங்கி மூடியது. அந்த வருடம் தெற்கில் கடும் வறட்சி வேறு. 1931 ஜனவரியில் ஆர்கன்சா மாநிலத்தில் இங்கிலாந்து என்ற சிற்றூரில் சில நூறு விவசாயிகள் கடைத்தெருவுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள், இல்லாவிட்டால் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று நின்றார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் நிவாரணத்துக்கான விண்ணப்பப் படிவம் தீர்ந்துபோயிருந்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு எப்போதும் மனதில் நிற்கும் பகுதி. 1932-ல் கோதுமை 40 சென்ட்டுக்கும் கீழே போனது, மக்காச்சோளம் நிலக்கரியைவிட மலிவாகிப் பல வீடுகளில் சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். அடமானம் கட்ட முடியாத பண்ணைகளில் மாடு, கன்று, கலப்பை, வண்டி என்று எல்லாவற்றையும் களத்தில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். நெப்ராஸ்கா, அயோவா பக்கத்து விவசாயிகள் அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏலம் என்று தெரிந்தால் சுற்றுவட்டாரமே காலையில் வந்து நிற்கும். ஏலக்காரர் பசுவைக் காட்டுவார், ஒருவர் "ஐந்து சென்ட்" என்பார். அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வெளியூர் ஆள் எவராவது விலை ஏற்றப் பார்த்தால் அவர் தோளில் ஒரு கை விழும். சில இடங்களில் தொழுவத்தின் உத்தரத்திலிருந்து ஒரு சுருக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். சொத்து முழுதும் சில டாலருக்கு ஏலம் போகும், எடுத்தவர்கள் அதை அப்படியே பழைய சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பென்னி ஏலம் என்று இதற்குப் பெயர், பென்னி என்றால் ஒரு சென்ட்.

எல்லாம் இப்படி அமைதியாக முடியவில்லை. 1933 ஏப்ரலில் அயோவாவின் லெமார்ஸ் ஊரில் ஒரு கும்பல் நீதிமன்றத்துக்குள் புகுந்தது, ஜப்தி உத்தரவுகளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லி நீதிபதியை வெளியே இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டியது. அவர் சத்தியம் செய்யவில்லை, கொல்லாமல் விட்டார்கள், ஆளுநர் படையை அனுப்பினார். அந்த நீதிபதியின் உறுதியை நான் மதிக்கிறேன், கயிற்றைப் பிடித்தவர்களின் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. அந்த வருடத் தொடக்கத்திலேயே சில பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் அயோவாவில் ஜப்தியை நிறுத்திவைத்திருந்தன. மின்னசோட்டா அடமானக் கெடுவை நீட்டித்து ஒரு சட்டமே போட்டது, 1934-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது.

ஒன்றை மட்டும் மகள் விட்டுவிடக் கூடாது. ஏலம் விட நிலமாவது இருந்தவர்களின் கதை இது. தெற்கில் பருத்தி விளைத்த பல லட்சம் வாரக் குடிகளுக்கு, கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களுமாக, அதுவும் இல்லை. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, மீதி அவருடைய கடையில் வாங்கிய கடனுக்கு. 1933-ல் ரூஸ்வெல்ட் அரசு விலையை உயர்த்துவதற்காகப் பயிரைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தபோது காசோலை போய்ச் சேர்ந்தது நிலக்காரர் கையில், பயிர் குறைந்ததால் வெளியே போகச் சொன்னது குடிகளை. அவர்களுக்கு உதவுவதாக வந்த திட்டம்தான் அவர்களில் பலரைத் தெருவில் நிறுத்தியது, இதற்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. 1934-ல் ஆர்கன்சாவின் டைரன்சாவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே சங்கமாகக் கூடினார்கள், அந்தக் காலத் தெற்கில் அப்படி ஒரே அறையில் உட்காருவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

பேச்சுக்கு ஒரு படம் வேண்டுமென்றால், வால் ஸ்ட்ரீட்டில் கூட்டம் நிற்கும் படத்தை எல்லோரும் காட்டுவார்கள். பென்னி ஏலங்களின் புகைப்படங்கள் கிடைக்கின்றன, தேடச் சொல்லுங்கள். பனிக்காலக் கோட்டும் தொப்பியுமாகக் களம் நிறைய ஆண்கள், பின்னால் தொழுவம், அதில் அந்தக் கயிறு.

அன்புடன்